பின்சீட்டுப் பொலித்தீன்

எங்கள் ஹைபிரிட் காரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும். கண்டி டவுனில், வாவியைச் சுற்றி ஊர்ந்துபோகும் நெரிசலில், அது சத்தமே இல்லாமல் பெட்டரியில் ஓடிப் பெற்றோலை மிச்சம் பிடிக்கும். கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது மட்டும், கடுகண்ணாவை ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறைந்துவிடும். விற்றவரிடம் மூன்று தடவை சண்டை போட்டேன். மூன்று தடவையும் டவுனுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்றார்.

அடுத்த பயணத்திலும் அதே இடத்தில் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டி நின்று காரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கம்பளைக்குப் போகும் வேன்காரர் ஒருவர் நிறுத்தி வந்து, எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். உள்ளே என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“என்னங்க, ஜப்பான்லருந்து வந்த பொலித்தீன இன்னும் கழட்டலியா?” என்றார்.

“விக்கிறப்போ சீட் புதுசா இருக்கணும்ல,” என்றேன்.

“சீட்டோரத்துல இருக்கிற இந்த ஓட்டை வழியாத்தாங்க பெட்டரிக்குக் காத்து போகணும். இத மூடி வச்சா ஏத்தத்துல சூடாகாம என்ன செய்யும்?”

அவரே பொலித்தீனைக் கிழித்தெடுத்தார். சற்று ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கண்டிவரை விளக்கு எரியவில்லை.

மனைவி சீட்டுத் துணியைக் கையால் தடவிப் பார்த்தபடியே வந்தாள். வியர்த்து ஒட்டுகிறது, கழற்றுங்கள் என்று கார் வாங்கிய நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். காருக்கு எரிந்து காட்ட ஒரு விளக்காவது இருந்தது.