இரண்டு கார்களுக்கு நடுவே சுந்தரி

கண்டி மஹய்யாவையில் என் சில்லறைக் கடைக்கு எதிரே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீரய்யா குடியிருந்தான். முனிசிபலில் தெரு கூட்டும் வேலை. அவன் துடைப்பம் பட்ட பிறகுதான் மார்க்கெட் தெருவில் கடை திறக்கும். வாய் அதிகமில்லாதவன். "இந்த மனுசன் பேசுறதுக்கும் சேத்து நான்தான் பேசணும் நானா" என்று அவன் மனைவி சுந்தரி கேலி செய்வாள். முஸ்லிம் கடைக்காரன் என்பதால் லயத்தில் எல்லாருக்கும் நான் 'நானா', அதாவது அண்ணன். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து அவள் முழுகாமலிருக்கும் சேதியை என்னிடம் சொல்ல வந்தவன், சொல்ல வெட்கப்பட்டுக் கால் றாத்தல் சீனி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

முப்பத்தாறாம் வருடம் அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. அப்போது வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி. எங்கள் பக்கம் ஒருவர் சிவப்பு, மற்றவர் பச்சை. பெயர் சொல்லி அவர்களைப் பெரிய மனிதராக்க எனக்கு இஷ்டமில்லை. மேடைக்கு மேடை இருவருக்கும் ஒரே பேச்சு: "நான் சேவை செய்ய வந்தேன், அவர் அரசியல் செய்கிறார்." அடப்பாவிகளா, தேர்தலில் நின்றுகொண்டு வேறென்ன செய்வார்கள்?

வாக்களிப்பு நாள் விடியற்காலையில் சுந்தரிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள் மருத்துவச்சி. வாக்காளரை ஏற்றுவதற்காகச் சிவப்புக் கொடி கட்டிய கார் ஒன்று என் கடை வாசலுக்கு வரவும், வீரய்யா ஓடிவந்து கும்பிட்டான். காரிலிருந்த வேட்பாளரின் ஏஜண்டு சம்மதித்தார். சுந்தரியைத் தூக்கிவந்து கதவைத் திறக்கும்போது பச்சைக் கொடிக் கார் குறுக்கே வந்து நின்றது.

"பிள்ளத்தாச்சிய வச்சு அரசியல் பண்றீங்களா? விடுங்க, நாங்க கொண்டுபோறோம்!"

"உயிர் போற நேரத்துல நீங்கதான்யா அரசியல் பண்றீங்க!"

"யார்ட காருலயாவது போகட்டும், வழிய விடுங்கடா!" என்று கத்தினேன். பச்சைக்காரன் என்னைச் சிவப்பு என்றான். சிவப்புக்காரன் பச்சை என்றான். ஒருவன் கதவை இழுக்க மற்றவன் சாத்த, அரை மணி நேரம் போயிற்று. சுந்தரியின் சேலை நனைந்து தெருவில் இரத்தம் சொட்டியது. அதற்குமேல் வீரய்யா யாரையும் கும்பிடவில்லை. குப்பை அள்ளும் கைவண்டியைக் கொண்டுவந்து சாக்கு விரித்து, அவளைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினான். நானும் கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசல் தெரியும்போது அவள் மூச்சு நின்றிருந்தது. பிள்ளையும் போயிற்று.

மறுநாள் அடக்கத்துக்கு வேட்பாளர் இருவருமே வந்தார்கள். குழியை மூடுவதற்குள், ஏழையின் சாவில் எதிரி அரசியல் செய்கிறார் என்று மாறி மாறிப் பேசினார்கள். வீரய்யா மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான். நான் இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"அவங்கள விடுங்க நானா" என்றான். "வலி எடுத்தப்பவே அவ சொன்னா, நம்ம வண்டியிலயே போயிருவோம்யான்னு. குப்ப வண்டியில பொஞ்சாதிய ஏத்துறதான்னு நான்தான் வெக்கப்பட்டேன். ஒரு நாளாவது அவள கார்ல கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன் நானா."