சைலன்ஸரில் ஒரு சொட்டு ஆயில்

கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறி நான் நடுத்திட்டில் மாட்டிக்கொண்டபோது, என்னை ஏற்றிப் போக இன்ஜின் படகோடு ஒருவர் வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து டிராக்டர் மெக்கானிக். குள்ளமான மனிதர். எதைச் சொல்வதற்கு முன்பும் கையை லுங்கியில் துடைத்துக்கொள்வார்.

கிளம்பும்முன் இன்ஜினிலிருந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தது. ஒரு சொட்டைச் சூடான சைலன்ஸரில் விட்டார். படபடவென்று பொரிந்தது.

கையைத் துடைத்தார். “ஆயில்ல தண்ணி எறங்கியிருக்குங்க.”

எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார்.

“இனிமே பயமில்லீங்களா?”

“மேலேருந்து தெறிச்ச தண்ணின்னா இதோட போச்சு. உள்ள தண்ணிய அடைக்கிற கேஸ்கட் போயிருந்தா மறுபடி எறங்கும். இன்ஜின் நடு ஆத்துல நின்னுடும்.”

எனக்கு நீச்சல் தெரியாது. படகு நடு ஆற்றுக்கு வந்தபோது தண்ணீர் சுழித்தது. நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை உருவி, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மறுபடி ஒரு சொட்டு விட்டார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

“பொரியலீங்க!” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கரையில் இறங்கியதும், “நெசமாவே பொரியலீங்களா?” என்றேன்.

கையை லுங்கியில் துடைத்தார்.

“தெரியலீங்க. கண்ண மூடிக்கிட்டுத்தான் விட்டேன்.”

அடுத்த திட்டில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர் படகைத் திருப்பினார். இந்த முறை கம்பியைத் தொடவே இல்லை.