லுகேரியாவின் அவசர ஜாடி

ஸ்லோகன் பள்ளத்தாக்கில் கஞ்சா காயவைக்க லுகேரியாவை மிஞ்ச ஆளில்லை என்று பேச்சு. வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்று கனடா அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு, தக்காளிப் பாத்திக்குப் பின்னால் எல்லோரும்தான் வளர்த்தார்கள். வளர்ப்பது பெரிய காரியமில்லை. அறுத்த கிளைகளை இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காம்பு சடக்கென்று ஒடிகிறவரை காத்திருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் அடைத்த பிறகும் தினமும் மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். அந்தப் பொறுமை தனக்கு மட்டும்தான் உண்டு என்று லுகேரியா நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? வாய் ஓயாமல் சொல்லியும் வந்தாள்.

அதிகம் கேட்டு நொந்தவன் நிகிதா, அவளுடைய சிநேகிதி மார்ஃபாவின் கொழுந்தன்.

"உன்னோடதெல்லாம் கஞ்சாவாடா? மாட்டுக்குப் போட்டா மாடே மூஞ்சியத் திருப்பிக்கும்."

"மாடு பெருமையாவது பேசாதுக்கா," என்று சிரிப்பான் அவன்.

அந்த இலையுதிர் காலத்தில் மார்ஃபாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏறிய நாட்களில் ஒரு கரண்டி போர்ஷ்ட் சூப்கூட உள்ளே தங்கவில்லை. கொஞ்சம் இழுத்தால் பசி எடுக்குமாம் என்று அவளே கேட்டாள். புகையையே தீண்டாத துகபோர் என்னும் ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண் வாய்விட்டுக் கேட்கிறாள் என்றால் எவ்வளவு தாங்க முடியாமல் கேட்டிருப்பாள்! நிகிதா, தன்னுடையது சனிக்கிழமை தயாராகிவிடும் என்றான். லுகேரியாவுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய கிளைகள் அப்போதுதான் அறுத்தவை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆவிக்குளியல் முடித்துப் போன பின்பு, சூடு தணியாத அந்தக் குளியல் கொட்டகையிலேயே கிளைகளைத் தொங்கவிட்டாள். காலையில் மொட்டுகள் மேலே மொறுமொறுவென்று இருந்தன. காம்பை வளைத்தாள். வளைந்ததே தவிர ஒடியவில்லை. உள்ளே ஈரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஜாடியில் அடைத்து, நிகிதா முந்திக்கொள்வதற்குள் மார்ஃபாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அடுத்த வாரம் பிரார்த்தனை வீட்டில் ஒரே புகழ்ச்சி. மார்ஃபா சாப்பிடுகிறாளாம், எல்லாம் லுகேரியா கொடுத்ததாலாம். லுகேரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, மிச்சத்தை அடைத்து வைத்திருந்த தன் ஜாடியைத் திறந்தாள். மக்கிய வைக்கோல் வாடை குப்பென்று அடித்தது. மொட்டெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

பூஞ்சணம் துளி நெஞ்சுக்குள் போனாலும் மார்ஃபாவின் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லுகேரியா சால்வைகூட எடுக்காமல் பனியில் ஓடினாள். ஆனால் வழியெல்லாம் அவள் நினைத்தது மார்ஃபாவை அல்ல. யாரும் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஜாடியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும், ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், அவ்வளவுதான்.

மார்ஃபா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஜாடி எங்கடி?"

"அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். திறந்ததும் நாத்தம். நான் இழுத்தது நிகிதா கொண்டாந்தத."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் என் பேரச் சொன்னே?"

"முகமெல்லாம் பல்லா வந்து நீட்டுனியே, எப்படிடி சொல்ல மனசு வரும்? நிகிதாதான் சொன்னான், அக்கா பேரே இருந்துட்டுப் போகட்டும்னு."

லுகேரியாவால் தலை நிமிர முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மார்ஃபா அவளுடைய விறைத்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"சால்வைகூட இல்லாம ஓடியாந்திருக்கே. எனக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயந்துட்டியா?"

உண்மையைச் சொல்ல லுகேரியா வாய் திறந்தாள்.

"ஆமா," என்றாள்.

மார்ஃபா அவளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள்.