ஆறு மணிக்கு என்று சொன்ன ஓட்டம்

ஞாயிறு மத்தியானம் சக பேராசிரியை ஒருவர் போனில் சொன்னார்: “பி.டி. மேடம் போயிட்டாங்க. வெயில்தான்.” நான் நம்பவில்லை. தஞ்சாவூரில் வெயிலுக்கு மரகதம் அளவுக்குப் பயந்தவர் யாருமில்லை.

எங்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் மரகதத்தை அறிந்தவர்களுக்கு இது தெரியும். சித்திரையில் ஏழரைக்கு மேல் மைதானத்தில் யாரும் ஓடக்கூடாது. விடுமுறை முடிந்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் பாதி ஓட்டம்தான். உடம்பு பழக வேண்டும். தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட மோர். ஓடுகிறவளை நிறுத்தி, “காலையில என்னடி சாப்பிட்ட?” என்பார். பதில் குழறினால் நிழலுக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றுவார். “நனைஞ்ச துணி காய்ஞ்சுடும். வெந்த மூளை திரும்பாது.” ஆசிரியர் அறையில் இதற்குச் சிரித்தவர்கள் உண்டு.

அந்த ஞாயிறு காலை மாணவிகளுக்கான ஓட்டப்பந்தயத்தை நடத்தியது ஊரில் ஒரு சங்கம். ஆறு மணிக்குத் தொடக்கம். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்தபோது ஒன்பதரை. அதுவரை பிள்ளைகள் வெட்டவெளியில் நின்றார்கள். மரகதம் செயலாளரிடம் போனார்.

“கொடியை யார் ஆட்டுனா என்ன சார்? காக்கா வந்து ஆட்டுனாலும் பிள்ளைங்க ஓடும்.”

“பொன்னாடையெல்லாம் வாங்கியாச்சு மேடம். கொஞ்சம் பொறுங்க.”

“அப்ப மத்தியானச் சாப்பாட்டையும் போட்டு, சாயங்காலமா ஓட விடுங்க.”

எங்கள் பெண்களை மட்டும் புங்கமரத்தடியில் உட்கார வைத்தார். மற்றவர்கள் ஓடினார்கள். தண்ணீர்க் குடத்தோடு அவர்கள் பின்னால் போனார். வெண்ணாற்றங்கரைச் சாலையில் நிழல் இல்லை; ஆற்றில் மணல்தான். தள்ளாடிய வேறு கல்லூரிப் பெண் ஒருத்தியின் தலையில் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து விழுந்தார்.

மீதியைச் சொன்னவள் அந்தப் பெண். சுற்றி நின்ற ஆண்களின் கையில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. “லேடீஸ் மேல ஊத்துனா நல்லாருக்காது சார்” என்றார் ஒருவர். முகத்தில் மட்டும் தெளித்தார்கள். துப்பட்டாவைச் சரிசெய்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். மானம் காப்பாற்றப்பட்டது.

இப்போது அதே சங்கம் அவர் பெயரில் நினைவு ஓட்டம் வைக்கிறது, வருகிற சித்திரையில். யாரைக் கொடியசைக்க அழைப்பது என்று கூட்டத்தில் நெடுநேரம் பேசினார்கள்.

“மார்கழியில வைங்க. விடியறப்ப யார் நிக்கிறாங்களோ அவங்க தொடங்கி வைக்கட்டும். முடியாதுன்னா மரகதம் பேரைப் போடாதீங்க” என்றேன்.

செயலாளர் முகம் சுளித்தார். “என்ன மேடம், நீங்களும் அவங்கள மாதிரியே சண்டைக்கு வர்றீங்க?”

மரகதத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்.