புள்ளியிலிருந்து புள்ளி வரை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பேறித்தனம் பாதி, வெட்கம் பாதி. அடுத்தவனைக் கலாய்த்த கதை என்றால் உட்கார்ந்த இடத்தில் நாலு எழுதிவிடுவேன். இது நான் வாயடைத்துப்போன கதை. எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று எழுந்து போய் டீ குடித்தேன், திரும்பி வந்து மறுபடி போய்க் குடித்தேன். அடுத்த தடவை போனபோது கடை மூடியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது 2009. ப்ளஸ் டூ கணக்கில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறி, அதற்குமேல் எங்கும் சேராமல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். வருகிறவனுக்கு சிஸ்டம் போட்டுக் கொடுக்க வேண்டும், பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும், மீதி நேரத்தில் எல்லோரையும் ஓட்டலாம். மெயில் ஐடி ஆரம்பிக்க வந்த ஒரு பையனிடம், பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லி, கடையே கேட்கிற மாதிரி கத்த வைத்திருக்கிறேன். அவன் பாஸ்வேர்ட் ஒரு பெண்ணின் பெயர்.

வீடு முதுநகரில். அப்பாவுக்கு அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. போட்டுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றிவிட்டு, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய் வருவார். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்க ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, எழுதட்டுமா என்று கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுது. வந்தா போ. வரலன்னா ஜூன்லேருந்து எங்கூட கம்பெனிக்கு வந்துடு. பொட்டி முன்னாடி உக்காந்து பல்லக் காட்டுனது போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயம் வந்தது. ஐஸ் கம்பெனிக்குப் போகாமல் இருக்க எனக்கு இருந்த வழி அந்தத் தேர்வு ஒன்றுதான்.

அதில் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பொது அறிவு, மீதி எல்லாம் இங்கிலீஷ். இங்கிலீஷிலும் பெரும்பாலும் பாஸேஜ்தான். ஒரு பாரா கொடுப்பார்கள், படித்துவிட்டுக் கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே குஷி. பாஸேஜ் என்றால் நான் புலி.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். பாராவைப் படிக்கவே கூடாது. நேராகக் கேள்விக்குப் போக வேண்டும். கேள்வியில் இருப்பதிலேயே பெரிய வார்த்தையைப் பிடித்து, அதே வார்த்தை பாராவில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்ததும் அதற்கு முந்தைய புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை அப்படியே பேப்பரில் இறக்கிவிட வேண்டும். இங்கிலீஷில் எனக்கு வந்த மார்க்கில் பாதி இப்படித்தான் வந்தது. பாராவில் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆனது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. தெரிந்து என்ன பண்ணப்போகிறேன்?

என் நண்பன் சிதம்பரத்தில் காலேஜ் முதல் வருஷம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்ச்சாக இருந்தவன், குடும்பத்தோடு அங்கே குடிபோய்விட்டான். அவன் சித்தி பெண் புவனகிரியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு அதே தேர்வை எழுதுவதாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீயும் வா, மூன்று பேரும் உட்காரலாம் என்றான் அவன். நான் கடலூரிலிருந்து பஸ் பிடிப்பேன், அவள் புவனகிரியிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டி வருவாள். கீழ வீதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். நண்பன் ஒரு பழைய கைடிலிருந்து பாஸேஜை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, செல்லில் நேரம் வைப்பான்.

முதல் வாரத்திலிருந்தே முடித்தேன் என்று முதலில் பேனாவை மூடுகிறவன் நான்தான். பதிலும் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவளோ வரிக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் போய்க்கொண்டிருப்பாள். நேரம் முடிந்த பிறகும் விரல் பாதிப் பாராவில் நிற்கும். நான் அவளுக்கு மாட்டு வண்டி என்று பெயர் வைத்தேன்.

"ஹை, ஹை. வண்டி வெள்ளாத்துப் பாலத்தத் தாண்டிடுச்சா?"

"இருங்கண்ணா, இந்த வரி புரியல."

"புரிஞ்சி என்ன பண்ணப்போற, மாப்ள பாக்கவா போற? பதிலப் போட்டுட்டு வா."

அவள் சிரித்துக்கொண்டே மறுபடி அந்த வரியின் ஆரம்பத்துக்குப் போவாள். என்னைப் பெரிய ஆள் என்று நினைத்திருந்தாள். "எப்படிண்ணா இவ்ளோ சீக்கிரமா படிக்கிறீங்க?" என்று ஒருநாள் உண்மையாகவே கேட்டாள். பழக்கம்தான் என்றேன். வித்தையைச் சொல்லித்தரக்கூட எனக்கு மனசில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் போய், ஃபேன் நின்று, மூன்று பேரும் கைடு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். ஒரு பாஸேஜ் முடிந்திருந்தது. எனக்கு எல்லாம் சரி, அவளுக்கு ஒன்று தப்பு. நான் காலை நீட்டி நண்பனின் அம்மா கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு மாட்டு வண்டி."

"கடைசியில மரத்த வெட்டுறாங்கல்ல, அப்ப அவர் ஏன் அழறாரு? அவருக்குத்தான் அந்த மரமே புடிக்காதே. தெனமும் திட்டிக்கிட்டே இருந்தாரே."

என் பதில் ஒன்றில் மரம் என்ற வார்த்தை இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அழுதது யார், எதற்கு மரத்தைத் திட்டினான், ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"மரத்த வெட்டும்போது கண்ணுல தூள் உழுந்திருக்கும்."

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சமையல்கட்டிலிருந்து அவன் அம்மாவும் சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நண்பன் தூண்டினான்.

"தூள் எப்படிடா உழும்? அந்தாளு எங்க இருந்தாரு?"

"எங்க இருப்பாரு, மரத்துக்குக் கீழதான். காட்டுல ஆபீசா வெச்சிருப்பான்?"

யாரும் சிரிக்கவில்லை. நண்பன் என் முகத்தையே பார்த்தான். கிண்டலா நிஜமா என்று அவனுக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது.

"மச்சான், அது ஆஸ்பத்திரிடா. அந்தாளு பேஷண்ட்டு. எழுந்திரிக்கவே முடியாம படுத்துக் கெடக்கிறாரு. மரம் ஜன்னலுக்கு வெளிய நிக்குது. பாஸேஜு பூரா அதான்."

வாயில் முறுக்கு இருந்தது. கடித்தால் சத்தம் கேட்கும், அப்படியே வைத்திருந்தேன்.

"அண்ணன் வெளயாடுறாருண்ணா," என்றாள் அவள். நண்பனைப் பார்த்தும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை, தாளைப் பார்த்துச் சொன்னாள். உடனே விரலை வேறொரு வரிக்கு நகர்த்தி, அதில் இருந்த ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். அது அவளுக்குத் தெரிந்த வார்த்தை. முந்தின வாரம் அவளே அதற்கு அர்த்தம் சொல்லியிருந்தாள்.

செருப்பு மாட்டும்போது நண்பன் வாசல்வரை வந்தான்.

"நீ படிக்கிறதே இல்லையாடா?"

"மார்க்கு வருதுல்ல?"

"இந்த கைடு பழசுடா, வருது. அங்க நாலு ஆப்ஷன்லயும் பாஸேஜுல இருக்குற வார்த்தையவே போட்டு வுட்டுருவான். என்ன பண்ணுவ?"

"அப்ப நாலையும் டிக் அடிச்சிடுறேன்," என்றேன். அவன் சிரித்தான். ஆனால் தோளில் கை போட்டு பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து வந்தான். எப்போதும் வாசலோடு நின்றுவிடுகிறவன். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரம் அந்தப் பாராவை எடுத்து வைத்தேன். முதல் வார்த்தையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பெரிய வார்த்தைகள் எல்லாம் தெரிந்த முகங்கள்தான், இத்தனை வருஷம் அவற்றைத்தானே தேடிக்கொண்டிருந்தேன். நான் ஏறெடுத்தும் பார்க்காதவை சின்ன வார்த்தைகள். 'ஆல்தோ', 'அன்லெஸ்', 'ஹார்ட்லி'. கதையே அவற்றின் கையில் இருந்தது. ஒருவனுக்கு அரட்டைக்கு சிஸ்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் எந்த வரி என்று மறந்திருக்கும். யாரும் பார்க்காதபோது நானும் வரிக்குக் கீழே விரல் வைத்தேன். உதடு தானாக அசைந்தது.

புதன்கிழமை முடித்தேன். அந்த மனுஷனைப் பார்க்க யாருமே வருவதில்லை. காலையில் கண் விழித்ததும் வெளிச்சத்தை மறைக்கிறாய் என்று மரத்தைத் திட்டுவார், சாயங்காலமும் திட்டுவார். அவர் பேசியதே அதனோடு மட்டும்தான். அதையும் வெட்டிவிட்டார்கள். இது புரிந்தபோது எனக்கு எதிரே ஒருவன் மவுஸ் வேலை செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். அவனைக் கலாய்க்கக்கூடத் தோன்றவில்லை.

அவளுக்குப் போன் போட்டு, ஏன் அழுதார் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் தன் அப்பா செல்லிலிருந்து எதற்கெடுத்தாலும் எனக்குக் கூப்பிடுவாள், பஸ் நேரம் கேட்க, ஹால் டிக்கெட் வந்துவிட்டதா, என் நம்பர் என்ன என்று கேட்க. ஆனால் இப்போது சொன்னால், நான் இப்போதுதான் படித்தேன் என்று தெரிந்துவிடும். சொல்லவில்லை. அவளும் அதைப் பிறகு கேட்கவே இல்லை.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். அவர்கள் முன்னால் மெதுவாகப் படிக்க என்னால் முடியவில்லை. பழைய வித்தையில் சட்டென்று முடித்துப் பேனாவை மூடிவிட்டு, அதே பாராவைத் திரும்பி வரும் பஸ்ஸில் நிஜமாகப் படிப்பேன். மாட்டு வண்டி என்று மட்டும் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளே கேட்டாள், "என்னண்ணா, வண்டி இன்னிக்கு ஓடலையா?" நான் சிரித்து வைத்தேன்.

தேர்வு சிதம்பரத்தில்தான் நடந்தது. ஒரே ஹால், அவள் எனக்கு முன்னால் ஒரு வரிசை தள்ளி. நண்பன் சொன்ன மாதிரியேதான் இருந்தது, எல்லா ஆப்ஷனிலும் பாராவின் வார்த்தைகள். பாராவுக்குப் பொருத்தமான தலைப்பு எது, எழுதியவர் என்ன நினைத்தார், இப்படிக் கேள்விகள். தேடிப் பிடிக்க ஒன்றும் இல்லை. சரி, படிப்போம் என்று முதல் பாஸேஜை ஒழுங்காகப் படித்தேன். ஏதோ ஒரு தீவில் உப்பு விளைவிக்கிற ஜனங்களைப் பற்றியது. புரிந்தது. அதன் பதில்கள் எல்லாம் சரி என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் பாதி நேரத்துக்கு மேல் போயிருந்தது. முன்னால் அவள் பக்கத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. மிச்ச பாஸேஜ்களில் பழையபடி வார்த்தை தேடினேன், அப்புறம் அதற்கும் நேரமில்லாமல் கண்ணில் பட்ட வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

வெளியே வந்ததும் ஓடி வந்தாள். "அண்ணா, கடைசி பாஸேஜு ஈஸியா இருந்துச்சில்ல?"

"ரொம்ப ஈஸி," என்றேன்.

"அந்தத் தாத்தா செம கிண்டல்ல? உங்கள மாதிரியே."

எந்தத் தாத்தா என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.

ரிசல்ட் ஒரு சாயங்காலம் நெட்டில் வந்தது. கடையில் ஒரே கூட்டம். எல்லோருடைய நம்பரையும் நான்தான் டைப் அடித்துப் பார்த்துச் சொன்னேன். நம்பர் வந்தவனிடம் ட்ரீட் கேட்டேன், வராதவனை, போடா, அடுத்த வருஷம் ஆபீசரே வீட்டுக்கு வந்து கூப்பிடுவார் என்று அனுப்பினேன். என் நம்பரை மட்டும் அடிக்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா கேட்டார், சர்வர் பிஸி என்றேன்.

மறுநாள் சீக்கிரமே வந்து, ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து என் நம்பரை அடித்தேன். இல்லை. தப்பாக அடித்திருப்பேன் என்று மறுபடி அடித்தேன். இல்லை. அவள் ஹால் டிக்கெட்டையும் நான்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன், அதனால் அவள் நம்பரும் என்னிடம் இருந்தது. அதை அடிக்கும்போது, அதுவும் இல்லையென்றால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் உண்மை. பக்கம் திறந்தது. அவளுக்குக் கிடைத்திருந்தது.

ஐஸ் கம்பெனியைப் பற்றிய நினைப்பு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பது. போனைப் பார்த்தேன், அவளிடமிருந்து கால் எதுவும் இல்லை. புவனகிரியில் கரண்ட் இல்லாமல் இருக்கும், இன்னும் பார்த்திருக்க மாட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். பார்த்திருந்தால் முதல் போன் எனக்குத்தானே வந்திருக்கும். நண்பனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், பாப்பாவுக்குக் கெடச்சிடுச்சுடா. இன்னும் பாக்கல போலருக்கு, நீயே சொல்லிடு. எனக்கு வரலங்கறதையும் நீயே சொல்லிடு, எனக்குச் சொல்ல வாய் வரல."

அவன் சொன்னான்:

"நேத்தே எங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டா மச்சான், உன் நம்பரத்தான் மொதல்ல போடச் சொன்னா, அதான் உனக்குப் போன் பண்ணல."