நான்கு இசக்கிகளும் ஒரு கடையும்

என் தங்கை இசக்கித்தாய் சண்டை போட்டு வாங்கியவை: சந்தையில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தரையில் உட்கார்ந்து விற்பவர்களுக்கு நிழல், தனக்கென்று எட்டாம் நம்பர் கடை. எதையும் யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்ச் சந்தையில் அவள் வாழைத்தண்டும் வாழைப்பூவும் விற்கிறாள். புருஷன் போன பிறகு, நனைந்த சாக்கில் உட்கார்ந்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். பழைய சந்தையை இடித்துக் கட்டியபோது தரைக்கடைக்காரர்களுக்கும் கடை உண்டு என்றார்கள். எல்லோர் முன்னும் குலுக்கல் நடந்தது. "எட்டு, இசக்கி, வாழைத்தண்டு" என்று ஒலிபெருக்கியில் வாசித்ததை நானே கேட்டேன். அவள் கைநாட்டு வைத்தாள்.

மறுநாள் கடை திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் குடங்கள். கடை, சந்தைக் குத்தகைக்காரர் ஞானசிகாமணியின் கூட்டாளி இசக்கிமுத்துவுக்காம்.

"இசக்கின்னுதான வாசிச்சாங்க? அவரும் இசக்கிதான். ஒன் கைநாட்டுல தாய்னு இருக்கா, முத்துன்னு இருக்கா?" என்று சிரித்தார் ஞானசிகாமணி.

ஊர் வரிக்காசில் கட்டிய சந்தை. எழுதத் தெரியாதவளுக்கு அதில் இடமில்லையா?

தங்கை அழவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கி உண்டு. மீன் விற்கும் இசக்கியம்மாள், எலுமிச்சை விற்கும் இசக்கி, பூக்கட்டும் இசக்கிராணி மூவரையும் கூட்டிவந்து கடைக்குள் கூடைகளை இறக்க வைத்தாள்.

"அண்ணாச்சி, இவளும் இசக்கிதான். மீனை எங்கன வைக்க? ஒங்க குடத்துக்கு மேலயா?"

"என்னட்டி கூத்து இது?"

"கூத்தா? எல்லா இசக்கியும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னிய!"

மீன் தண்ணீர் குடங்களுக்கு அடியில் ஓடியது. மேலப்பாளையத்திலிருந்து வந்து வெங்காயம் விற்கும் முஃபீதா, "இன்னைக்கி ஒருநா நானும் இசக்கியா இருந்துக்கிடுதேன்" என்று தன் கூடையோடு நுழைந்தாள். சந்தையே சிரித்தது.

கூட்டத்தைப் பார்த்து பஞ்சாயத்து அதிகாரி வந்தார். குலுக்கலில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டார். "வாழைத்தண்டு!" என்று சந்தை முழுக்கக் கத்தியது. குடங்கள் வெளியேறின. ஞானசிகாமணியை அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கைநாட்டு வச்சா இப்படித்தாம்மா ஆகும்" என்று இவளைத்தான் கண்டித்தார்.

அன்றிலிருந்து வாழை மட்டையில் ஆணியால் தன் பெயரைக் கீறிப் பழகினாள். கடைக்கான ஒப்பந்தத்தில், நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றெழுத்தைக்கூட விடாமல், "இசக்கித்தாய்" என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை.