நடுவகிடு எடுத்த கார்

எங்கள் காருக்கு என்னைவிட வயது அதிகம். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர், போகிற போக்கில் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. அப்பா ரயில்வேயில் கார்டு. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாகப் போய்வருகிற மனுஷனுக்குத் தனியாக ஒரு வண்டி எதற்கு என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை, கார்தான் வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடையது முக்கு வீடு. முன்னால் ஒரு தெரு, பக்கவாட்டில் ஒரு தெரு. வேலிக்குள் வேப்பமரத்தடியில் நின்ற காரை இரண்டு தெருக்காரர்களும் பார்க்கலாம். பார்த்துச் சிரிக்கலாம் என்று சொல்வது இன்னும் பொருத்தம். துரு பிடித்துச் செதில்செதிலாக உரிந்துகொண்டிருந்தது. "இந்தத் தகர டப்பாவுல ஏறி நான் ஈஸ்டருக்குச் சர்ச்சுக்கு வரமாட்டேன்" என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஷாப்பில் பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் காரின் விலையைவிட அதிகமாகும் என்பதால் தானே அடிக்கப்போவதாக அறிவித்தார்.

அப்பா 'நானே செய்கிறேன்' என்றால் வீட்டில் எல்லோரும் செய்யவேண்டும் என்று அர்த்தம். அம்மா, மாமா, நான் மூன்று பேரும் ஒரு வாரம் உப்புத்தாளால் அந்தக் காரைத் தேய்த்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் விரல் நுனியில் தோல் உரிந்தால் அவள் எப்படிப் பென்சில் பிடிப்பாள்? கையெழுத்து கோணியதற்கு டீச்சரிடம் அடி வாங்கினேன். அப்பா மேற்பார்வை பார்த்தார்.

பிரஷ்ஷால் அடித்தால் கோடு விழும் என்று, கொசு மருந்து அடிக்கிற பம்பில் பெயின்ட்டை ஊற்றினார். பம்பு சுவரின் மேல் ஒரே ஒரு தடவை துப்பிவிட்டு அடைத்துக்கொண்டது. கடைசியில் பிரஷ்தான். அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டில் கொசுவுக்கு மருந்தும் இல்லை.

பெயின்ட் வாங்கியதும் அப்படித்தான். ஹார்டுவேர் கடையின் பின்புறம் லேபிள் உரிந்த பழைய டின்கள் குவிந்து கிடந்தனவாம். பாதி விலை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து இரண்டைத் தானே பொறுக்கி எடுத்து வந்தார். "ரெண்டும் ஒரே கரும்பச்சை. நமக்கு அதிர்ஷ்டம்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

பெயின்ட் அடிக்கும்போது அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று..." ஈஸ்டர் ஆராதனையின் பாட்டு நம்பர்கள் என்று நினைத்து நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டாவது கிறிஸ்துமஸ் பாட்டு. இருபத்தொன்பது அடக்க ஆராதனைக்குப் பாடுவது. இது என்ன ஈஸ்டர் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றாள். ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மாமா ஒரு துண்டுத் தாளில் அவற்றை எழுதிக் கொண்டுவந்து கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லா எண்களும் மனப்பாடமாகிவிட்டன.

அடுத்த மாதம் அப்பாவுக்கு ரயில்வே டாக்டரிடம் கண் டெஸ்ட். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவது. பாஸாகாவிட்டால் வண்டியில் அனுப்பமாட்டார்கள், எங்காவது மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள், ஓட்டத்துக்கென்று சம்பளத்தோடு தருகிற வண்டிப் படியும் போய்விடும். அம்மா அதற்காகத் தினமும் முழங்கால் போட்டு ஜெபித்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பாவுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பதே அவர்தான்.

முதல் நாள் ஒரு டின்னில் இடப்பக்கம் முடிந்தது. நல்ல பச்சை. வேப்பம்பூ உதிர்ந்து ஒட்டிக்கொண்டதைத் தவிரக் குறை சொல்ல முடியாது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது இரண்டாவது டின்னைத் திறந்திருக்கிறார். சாயங்காலம் பக்கத்துத் தெரு வழியாக வந்த எனக்கு, யாரோ விருந்தாளி அரக்கு நிறக் காரில் வந்திருப்பதாகத்தான் தோன்றியது. சுற்றிவந்து பார்த்தேன். இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் அரக்கு. கூரையிலும் பானெட்டிலும் சரியாக நடுவகிடு எடுத்தமாதிரி இரண்டு நிறமும் சந்தித்துக்கொண்டன.

அப்பா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரே கலரா, பளிச்சுன்னு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மாமா என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "ஒரே கலர்தான். வெயில் பட்டா அப்படித் தெரியும்" என்றார். சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்கி வெயில் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வாரமும் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம். வீட்டுக்குள் கார் ஒரே நிறம். வேலிக்கு வெளியே அது வேறு கதை. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கியவுடன் கேட்டாள்.

"இன்னாம்மா, புச்சா ரெண்டு காரு வாங்கிகினீங்களா? அந்தத் தெருவாண்ட வர்றப்போ பச்ச காரு நின்னுகினு இருந்திச்சி. இங்க பாத்தா வேற காரு கீது!"

நல்லவேளை, அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். "அது ஒரு ஃபாஷன். டூ டோன்னு பேரு" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"இன்னா டோனோ, போம்மா. பொடவையும் முந்தானையுமா கீது" என்றாள் மீன்காரம்மாள். இந்த ஊரில் கண் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொன்னால் நரகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, வீட்டுக்குள் ஒரு பொய்யும் வாசலில் ஒரு பொய்யுமாக வாழ்ந்துகொண்டிருந்தாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் காரை நிறுத்தினோம். சபை மூப்பர் ஒருவர் அதைச் சுற்றிவந்து, "கலர் ரொம்பப் புதுசா இருக்கே" என்றார்.

அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கரும்பச்சை சார். ரெண்டு டின்னும் ஒரே கலர். நானே அடிச்சேன்."

மூப்பர் காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. "பொய்! பாதி பச்சை, பாதி அரக்கு! எல்லாருக்கும் தெரியும், யாருமே சொல்லமாட்டேங்கறாங்க!" என்று கத்திவிட்டேன். அம்மா கிள்ளிய இடம் தழும்பாகவில்லையே தவிர, ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. அன்றைய பிரசங்கம் என் காதில் ஏறவேயில்லை.

சாப்பிட்டு அம்மா படுத்த பிறகு, அப்பா என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவின் மேல் கை வைத்தார்.

"இது என்ன கலர்?"

"பச்சை."

சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றார். "இது?"

"அரக்கு."

"வெறும் அரக்கா? இல்ல, பச்சையில கொஞ்சம் அரக்கா?"

"அரக்குப்பா. ரத்தச் செவப்பு மாதிரி அரக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் திரும்பவும் பச்சைப் பக்கம் வந்தார். திரும்பவும் அந்தப் பக்கம் போனார். இப்படி மூன்று தடவை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "பார்க்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கண்றாவியா இருக்கு" என்றேன்.

அப்பா உரக்கச் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தோல் உரிந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் கண் டெஸ்ட்டில் அப்பா ஃபெயிலானார். அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"டாக்டரோட கலர்ப்புள்ளிப் புத்தகத்துல ஒளிஞ்சிருக்கிற நம்பர் வரிசையை அப்படியே எழுதிக் கொடுத்தேனே மச்சான்! அவன் பக்கத்தைத் திருப்பத் திருப்ப நீங்க நம்பரைச் சொன்னா போதும். ஒண்ணுகூடவா ஞாபகம் வரலை?"

"வரலை. மறந்துபோச்சு" என்றார் அப்பா.

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு மாதம் முணுமுணுத்தும் மறந்துவிட்டாராம்! நான் வாய்ப்பாடு மறந்தால் மட்டும் முட்டி போடவைப்பார். அவருக்கு உறைக்கட்டும் என்று கூடத்தின் நடுவே நின்று, "பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று" என்று ஆரம்பித்துக் கடைசி எண் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. "கெட்டிக்காரி" என்றார் அப்பா.

அப்பாவைப் பார்சல் ஆபீசில் போட்டார்கள். இரண்டு கொடிகளையும் ரயில்வேயிலேயே ஒப்படைத்துவிட்டு வந்தார். வண்டிப் படி நின்றவுடன் காரும் போனது. வாங்கியவர் முதல் வேலையாக அதைக் கறுப்பாக்கினார். இவ்வளவு சின்ன வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு மனிதரால் எங்களுக்கு எத்தனை கஷ்டம் என்று வெகுநாள் அவர்மேல் எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு நம்பர் பலகையில் முதல் எண் பன்னிரண்டு. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த என் காதில் அந்த முணுமுணுப்பு விழுந்தது. பலகையைப் பார்த்தபடியே அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு, இருபத்தொன்பது, ஐந்து, மூன்று... கடைசி எண் வரை. ஒன்றைக்கூட அவர் விடவில்லை.